பள்ளிச் சுவரின் சுண்ணாம்பு

நீர்வேலியில் கிணறு வெட்டுபவர்கள் செம்மண்ணைத் தாண்டியதும் கல்லில்தான் இறங்க வேண்டும். உடைத்தெடுத்த கல் கிணற்றடியில் குவியும். பிறகு தோட்ட வரம்புக்கும் மதிலுக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் போய்ச் சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் பரந்து கிடக்கும் சுண்ணக்கல் இது. மயோசீன் காலத்தில், பல பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, ஆழமில்லாத வெப்பக் கடலொன்றின் அடியில் சிப்பிகளும் பவள உயிர்களும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகி உண்டான கல். உடைந்த முகத்தை உற்றுப் பார்த்தால் சிப்பியின் வளைவு தெரியும். பருத்தித்துறை வீதியில் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர் என்று போகும்போது கண்ணில் படும் பழைய பள்ளிக் கட்டடங்களுக்கும் கோயில் மதில்களுக்கும் இந்தக் கல்தான் உடல்.

அந்தப் பள்ளிக் கட்டடங்களின் அமைப்பு எங்களுக்கு மிகவும் பழக்கமானது. நீளமான ஒற்றை மண்டபம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்ந்த மேடை. ஒன்றரை அடி தடித்த கற்சுவர், சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு. பக்கங்களில் விறாந்தை, அதைத் தாங்கும் தூண்கள். நீளப் பக்கங்களில் நெஞ்சளவு அரைச்சுவர், அதற்கு மேல் வெளி. பனைமரத் தீராந்தி, வளை, சலாகை. அதன் மேல் ஓடு. பழக்கமான காரணத்தாலேயே இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. பழைய மண்டபத்தை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்புவதா, பழுதுபார்த்து வைத்திருப்பதா என்ற கேள்வி ஊருக்கு ஊர் எழுகிறது. என் பக்கச்சார்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பழுதுபார்க்க வேண்டும், அதையும் சுண்ணாம்பால் செய்ய வேண்டும். இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கட்டடங்கள் சூரியனையும் காற்றையும் கல்லையும் பள்ளிக்கூட நேரத்தையும் கணக்கில் எடுத்துக் கட்டப்பட்டவை. அந்தக் கணக்கு இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது.

குடாநாட்டில் கற்சுவருக்குள் பள்ளிக்கூடம் நடத்தும் வழக்கம் ஒல்லாந்தர் காலத்திலேயே உண்டு. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் விட்டுப்போன தேவாலயங்களைத் தம் சமயத்துக்கு மாற்றி, அதே கட்டடத்தைப் பள்ளிக்கூடமாகவும் நடத்தினார்கள். பால்தேயு பாதிரியார் 1672 இல் வெளியிட்ட நூலில் வலிகாமத்துத் தேவாலயங்களின் விவரம் வருகிறது. நீர்வேலிக்கு அயலூர்களான கோப்பாயும் புத்தூரும் அதில் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தபின் அவற்றில் பல கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1816 இல் அமெரிக்க மிசனறிமார் வந்து தெல்லிப்பழையிலும் அடுத்து வட்டுக்கோட்டையிலும் தங்கள் நிலையங்களை அமைத்தபோது அவர்களுக்குக் கிடைத்தவை சிதைந்த பழைய தேவாலயங்களும் வீடுகளும்தான். கூரை அழிந்திருந்தது; கற்சுவர் நின்றது. அந்தச் சுவர்மேல் புதுக் கூரை போட்டுத்தான் வேலை தொடங்கியது. 1823 இல் வட்டுக்கோட்டை செமினறி ஆரம்பமாகி, கணிதமும் வானியலும் தமிழும் ஆங்கிலமும் அங்கே கற்பிக்கப்பட்டன. நீர்வேலிக்குப் பக்கத்துச் சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கு படித்தவர். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். செமினறி 1855 இல் மூடப்பட்டது. 1872 இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சமயமும் ஆட்சியும் நிறுவனமும் மாறிக்கொண்டிருக்க, சுவர் பள்ளிக்கூடத்துக்கு உதவிக்கொண்டே இருந்தது.

சைவர்களின் பக்கத்தில் 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நீர்வேலியில் அதே காலத்தில் சங்கர பண்டிதர் தமிழும் வடமொழியும் கற்பித்தார். அப்படிப்பட்ட கல்விக்குத் திண்ணை போதும். திண்ணையிலிருந்து கிடுகுக் கொட்டிலுக்கும், கொட்டிலிலிருந்து கல் மண்டபத்துக்கும் ஊர்ப் பள்ளிகள் நகர்ந்தது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில். மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்க உத்தியோகத்திலும் இருந்தவர்கள் அனுப்பிய பணம், தோட்டக்காரரின் உழைப்பு, 1923 இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்ற அமைப்புகளின் முயற்சி எல்லாம் சேர்ந்து ஊர்தோறும் கட்டடங்கள் எழுந்தன. நீர்வேலியின் பெயர் சொல்லும் அத்தியார் இந்துக் கல்லூரியும் ஊரவரின் கல்வி ஆர்வத்தில் வளர்ந்ததுதான். 1945 இல் இலவசக் கல்வி வந்தது; 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. அதற்குப் பிறகு கட்டியவை ஏறக்குறைய எல்லாமே சீமெந்துக் கட்டடங்கள்.

இனிச் சுவருக்கு வருவோம். பகலில் சுவரின் வெளிமுகம் சூடேறுகிறது, இரவில் ஆறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒரு அலையாகக் கல்லுக்குள் மெல்ல ஊர்ந்து போகும். போகப் போகத் தேயும், தாமதமாகும். சுண்ணக்கல்லில் நாளாந்த வெப்ப அலை ஏறத்தாழ 16 அல்லது 17 சென்ரிமீற்றர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். 45 சென்ரிமீற்றர் சுவரைக் கடக்கும்போது வெளியிலிருந்த ஏற்ற இறக்கத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதுவும் சுமார் 10 மணித்தியாலம் பிந்தி வரும். பிற்பகல் 2 மணிச் சூடு நள்ளிரவில் உட்சுவரை எட்டுகிறது. 15 சென்ரிமீற்றர் சீமெந்துக் கல் சுவரில் அதே கணக்கைப் போட்டால் ஐந்தில் இரண்டு பங்கு வெப்பம் மூன்று நான்கு மணித்தியாலத்திலேயே உள்ளே வந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் வேறொன்று. தடித்த சுவர் வீட்டுக்கு முழு நன்மை தராது. பகலில் வாங்கிய சூட்டை அது இரவில், ஆட்கள் படுக்கும் நேரத்தில், உள்ளே விடும். வெக்கை நாட்களில் எங்கள் ஆட்கள் விறாந்தையிலும் முற்றத்திலும் பாய் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளிக்கூடத்தில் இரவு யாரும் இல்லை. சுவர் தன் சூட்டை வெறும் மண்டபத்துக்குள் கொட்டி, சோளகக் காற்றில் ஆறி, காலை மணி அடிக்கும்போது குளிர்ந்து நிற்கும். அரைச்சுவருக்கு மேலே திறந்திருப்பதால் உள்ளேயிருக்கும் காற்றின் வெப்பநிலை வெளிக்காற்றின் அளவுதான், உண்மை. ஆனால் உடல் காற்றால் மட்டும் சூடாவதில்லை. சுற்றியுள்ள சுவரும் கூரையும் வீசும் கதிர்ப்பும் சேர்ந்தே புழுக்கத்தைத் தீர்மானிக்கும். குளிர்ந்த கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் சூடேறிய மெல்லிய சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் காற்று ஒன்றே, வேர்வை ஒன்றல்ல. பகல்நேரப் பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான சுவர் எங்கள் காலநிலையில் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

சூரியன் வரும் திசையும் கவனிக்க வேண்டியது. யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகல் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வரும்; பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் கடைசியில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போகும். ஜூன் நடுவில் நண்பகலில் உச்சியிலிருந்து 14 பாகை வடக்கே நிற்கும் சூரியன், டிசம்பர் நடுவில் 33 பாகை தெற்கே நிற்கும். ஆகவே இரண்டு பக்கமும் நிழல் வேண்டும், தெற்கே கூடுதலாக. எட்டு அடி உயரத்தில் தாழ்வாரம் இருந்தால், டிசம்பர் நண்பகலில் தெற்குச் சுவர் முழுதும் நிழலில் இருக்க ஐந்தே கால் அடி நீட்டம் தேவை. ஜூனில் வடக்குச் சுவருக்கு இரண்டு அடி போதும். ஐந்து ஆறு அடி விறாந்தை என்பது இந்தக் கணக்கோடு அச்சொட்டாக ஒத்துப்போகிறது. கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை மாலைத் தாழ்வெயில் பெரும்பாலும் குறுகிய பக்கச் சுவர்களில் விழும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் நீளப் பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறும். வாடைக்கால மழையை விறாந்தை தடுத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாத காலத்தில் இருபக்கமும் திறந்த இருபது அடி அகல மண்டபத்தில் நடுவாங்கில் இருந்த பிள்ளைக்கும் எழுத்து தெரிந்தது.

அந்த இருபது அடி அகலத்துக்குப் பனையும் காரணம். பனையில் ஆண்டு வளையம் கிடையாது. அது தென்னையைப் போல ஒருவித்திலைத் தாவரம். கருநிற நார்க்கட்டுகள் தண்டின் வெளிவட்டத்தில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் இருக்கும். ஆகவே வெளிவட்டம் மட்டுமே வைரம், நடுச்சோறு பயன்படாது. முற்றிய மரத்தைப் பிளந்து சோற்றை நீக்கினால் நீண்டு ஒடுங்கிய, மிகவும் பலமான துண்டுகள் கிடைக்கும். அகன்ற பலகையாக அறுக்க முடியாது, ஆனால் சலாகைக்கும் வளைக்கும் அதுவே வேண்டியது. இருபது அடி அகலத்தில் இரு பக்கமும் சாய்வான கூரைக்கு முகட்டிலிருந்து சுவர் வரை பன்னிரண்டு பதின்மூன்று அடிச் சலாகை போதும். ஊரில் நின்ற மரமே கூரைக்கான அளவைத் தந்தது. நன்றாக முற்றிய பனை வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. மழை நீர் தேங்கும் சுவர் முனையில்தான் அது முதலில் உக்கும். ஓட்டைப் பொறுத்தவரை, முதலில் பீலி ஓடு, பிறகு தட்டையான இந்திய ஓடு. 1865 இல் மங்களூரில் பாசல் மிசன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை அந்தத் தட்டை ஓட்டைக் கடல் கடந்து பரப்பியது. ஓடுகளின் இடுக்குகள் வழியே முகட்டடிச் சூடு வெளியேறும். அஸ்பெஸ்ரஸ் தகடு மெல்லியது, இடுக்கற்றது. உச்சி வெயிலில் அதன் உள்முகம் விரைவாகச் சூடேறி நேரே பிள்ளைகளின் தலைமேல் கதிர்வீசும்.

ஒலியிலும் இந்த மண்டபம் மோசமில்லை. 1895 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபமொன்றில் பேச்சு விளங்கவில்லை. சொல்லிய சொல் ஐந்தரை விநாடி சுற்றிச் சுற்றி ஒலித்தது. காரணம் தேடச் சொல்லி வலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் ஒப்படைத்தார்கள். இரவுகளில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுபோய் அடுக்கி அளந்து, எதிரொலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதற்கான சூத்திரத்தை அவர் கண்டுபிடித்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த யன்னல், ஏனென்றால் அதற்குள் போன ஒலி திரும்பி வராது. எங்கள் மண்டபம் முழுக்க அந்த அலகால் ஆனது. நூறு அடி நீளமும் இருபது அடி அகலமும் உள்ள கல் மண்டபத்தை நாலு பக்கமும் அடைத்து வெறுமையாக விட்டால் எதிரொலி ஆறு விநாடி வரை தங்கலாம். அரைச்சுவர் வைத்து ஐந்தடி உயரத்துக்குத் திறந்து விட்டு, நூறு பிள்ளைகளையும் இருத்தினால் அது ஒரு விநாடிக்குக் கீழே இறங்கிவிடும் என்று அவருடைய சூத்திரம் சொல்கிறது. அடுத்த வகுப்பின் வாய்ப்பாடு இந்த வகுப்புக்குக் கேட்கும், அது குறைதான். ஆனால் ஆசிரியரின் சொல் கலங்காமல் கடைசி வாங்குக்குப் போய்ச் சேரும்.

இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பு. சுண்ணக்கல்லையோ முருகைக்கல்லையோ சூளையிலிட்டு 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், கல்சியம் காபனேற்று தன் காபனீரொட்சைட்டை விட்டுவிடும். 100 கிலோ தூய கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதற்கு நீர் விட்டால் கொதித்துப் பொரிந்து நீறும். அது கல்சியம் ஐதரொட்சைட்டு. மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தபின், காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டை அது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மறுபடியும் காபனேற்றாகும். கல்லிலிருந்து புறப்பட்டது கல்லாகவே திரும்பி வருகிறது, சுவருக்கும் சாந்துக்கும் ஒரே வேதியியல். அவசரம் கிடையாது. மாதத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்று பழுதுபார்ப்போர் கணக்கு வைப்பார்கள். உள்ளே போகப் போக இன்னும் மெதுவாகும். தடித்த சுவரின் நடுவில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் நீறிய சுண்ணாம்பு மாறாமல் இருக்கக்கூடும். மெல்லிய வெடிப்பு விழுந்தால் மழைநீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து வெடிப்புக்குள் கொண்டு போகும். அங்கே அது காற்றோடு சேர்ந்து வெடிப்பை அடைக்கும்.

கூரை போனாலும் கற்சுவர் நிற்கும் என்பதைப் போர் எங்கள் கண்முன்னே காட்டியது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஊர்விட்டு எழுந்து போனது. திரும்பி வந்தபோது பல கட்டடங்களுக்குக் கூரையில்லை. ஓடும் மரமும் போயிருந்தன. மாரிமழை மேலிருந்து நேரே சுவருக்குள் இறங்கியது. சாந்து கழுவுண்டது, பொந்துகளில் ஆலும் அரசும் முளைத்தன. அப்படியும் பல சுவர்கள் நின்றன. வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் மிசனறிமார் கண்டதும் இதே நிலைதான். மரக்கன்றை இளமையிலேயே பிடுங்கி, சுவரின் தலையை மூடி, கூரையைப் போட்டால் கற்சுவர் மீளும். வேர் கல்லுக்குள் பருத்த பிறகு எதுவும் எளிதல்ல.

மீட்ட சுவருக்கு இரண்டாவது ஆபத்து வந்தது, இம்முறை நல்ல நோக்கத்தோடு. 1950 இல் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து எங்களுக்குச் சீமெந்தில் மட்டற்ற நம்பிக்கை. வடக்கின் சுண்ணக்கல்லையும் முருங்கன் களியையும் சேர்த்து 1450 பாகை அளவில் சுட்டுச் செய்த பொருள் அது. நான் அதைக் குறை சொல்லவில்லை. கொங்கிறீற் தூணுக்கு அதுவே வேண்டும். பழைய கற்சுவருக்குமேல் அதைப் பூசுவதுதான் தவறு. குடாநாட்டின் நிலத்தடியில் நன்னீர், உவர்நீருக்கு மேலே ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது இருக்கும் என்பது பொதுக் கணக்கு. புத்தூருக்கு அருகில் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்தது. கடல்நீரேரிக்குக் கிட்ட உள்ள நிலங்களில் உப்பு அவ்வளவு தூரத்தில் இல்லை. மண்ணின் ஈரம் மயிர்த்துளைகள் வழியே சுவரில் ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும்.

சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. ஈரம் அதனூடாக ஆவியாகிப் போகும், உப்பு பூச்சின் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். சில ஆண்டுகளில் பூச்சு உதிரும். திரும்பப் பூசலாம், கல்லுக்குச் சேதமில்லை. சீமெந்துப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. தடைபட்ட ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். பூச்சுக்குப் பின்னால், கல்லின் துளைகளுக்குள்ளேயே உப்பு பளிங்காகி, வளரும்போது துளையின் சுவரை நெருக்கி உடைக்கும். ஒருநாள் சீமெந்துப் பூச்சு தகடு தகடாக விழும். அதன் முதுகில் கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வரும். அப்போது “பழைய சுவர் உக்கிப்போச்சு, இடிக்கத்தான் வேணும்” என்று முடிவு செய்கிறார்கள். உக்கியது சுவரின் முதுமையால் அல்ல. ஈரத்தை வெளியே விடாத ஒன்றைக் கல்லின்மேல் பூசியதால் வந்த வினை அது.

பழுதுபார்க்க முன் பழைய சாந்தில் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும், அதற்கு வேண்டியவை பாடசாலை ஆய்வுகூடத்திலேயே உண்டு. உதிர்ந்த பூச்சில் ஒரு துண்டை உலர்த்தி நிறுத்து, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் போட்டால் காபனேற்று பொங்கிக் கரையும். மிஞ்சும் மணலை வடித்து உலர்த்தி நிறுத்தால் சுண்ணாம்புக்கும் மணலுக்கும் உள்ள விகிதம் கிட்டும். கடற்கரை மணலாயிருந்தால் சிப்பித்தூளும் கூடவே கரைந்துவிடும். அதனால் முதலில் வில்லையால் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவரில் புதிதாக உடைந்த இடத்தில் பினோத்தலின் கரைசலைத் தடவினால் இன்னும் காபனேற்றாகாத சுண்ணாம்பு இளஞ்சிவப்பாகும். சாதாரண தர மாணவர்கள் இதைச் செய்ய முடியும். தங்கள் வகுப்பறைச் சுவரின் உள்ளடக்கத்தைத் தாங்களே அளந்த பிள்ளைகளை நான் பார்க்க விரும்புகிறேன்.

வேலைக்கு நாட்காட்டி முக்கியம். பிள்ளைகள் இல்லாத ஆகஸ்ட் விடுமுறைதான் பலரும் தேர்வது. ஒக்ரோபரில் பெருமழை தொடங்கிவிடும். சுண்ணாம்புப் பூச்சுக்கு அந்த இடைவெளி மிகக் குறுகியது. சுண்ணாம்பைச் சித்திரையிலேயே நீற்றி, நீர் மூடிய தொட்டியில் ஊறவிட வேண்டும். ஊறியது எவ்வளவு நாளோ அவ்வளவு இழைவு. பழைய சீமெந்துப் பூச்சை வைகாசியில் மெதுவாகத் தட்டி எடுத்து, சுவரை உலரவிட்டு, உப்பைத் தூரிகையால் துடைக்கலாம். ஆனி தொடங்கும்போது முதல் பூச்சு, மெல்லிய தடிப்பில். சோளகம் வேகமாக வீசுகிற மாதம் அது; பூச்சு திடீரென்று உலர்ந்தால் வெடித்துத் தூளாகும். ஆகவே நனைத்த சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, குறைந்தது ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். அடுத்த பூச்சு முதற்பூச்சு இறுகிய பின்னரே. தாழ்வார ஓடும் பீலியும் மழைக்கு முன்பே திருத்தப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுச் சுண்ணாம்பை முதல் மாரியே கழுவிக்கொண்டு போகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களும் பணத்தை ஆடியில் அனுப்பினால் பிந்திவிடும். தை மாதக் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிக்க வேண்டும்.